கடலில் இறங்காத என் வீட்டுக்காரர்

புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்: நிராபத ஹல்தார். ஆபத்து எதுவும் அண்டாதவர் என்று அர்த்தம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர். இவர் அதை மேலிடத்து உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார்.

கல்கத்தாவில் எங்கள் வீட்டு மின்விசிறி பாதி வேகத்துக்கு மேல் சுற்றியதே கிடையாது. கழன்று விழுந்துவிடுமாம். நின்றுகொண்டிருக்கிற டிராமில்கூட கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். மீன் முள் தொண்டையில் சிக்கிவிடும் என்று ஒரு துண்டு ஹில்சாவைச் சாப்பிட முக்கால் மணி நேரம். துர்கா பூஜை முடிந்து காற்று கொஞ்சம் மாறினால் போதும், பெட்டியிலிருந்து குரங்குக் குல்லா வெளியே வந்துவிடும். மெரூன் கலர். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி, மூக்கும் கண்ணும் மட்டும் எட்டிப் பார்க்கும். கல்யாணமான முதல் குளிருக்கு நான் பின்னியது. அப்போது எனக்குப் பின்னல் வேலை சரியாக வராது. அதனால் ஒரு காது மேலே, ஒரு காது கீழே. அதைத் தூக்கிப் போடச் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

"புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்ங்க. பாக்கறவங்க சிரிக்கறாங்க."

"சிரிக்கறவங்களுக்கா ஜலதோஷம் பிடிக்கும்? எனக்குத்தானே பிடிக்கும். இதுல இருக்கற கதகதப்பு கடைக் குல்லாவுல வராது."

அப்புறம் மார்ச் மாதம் வரைக்கும் அது தலையை விட்டு இறங்காது. தூங்கும்போதும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட மனுஷர் வருஷா வருஷம் டிசம்பரில் பூரிக்குப் போவார். போவார் என்றால், என்னையும் இழுத்துக்கொண்டு. வங்காளிக்கு நாலு நாள் லீவு கிடைத்தால் பூரி. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மற்றவர்கள் ஒரு வருஷம் டார்ஜிலிங், ஒரு வருஷம் காசி என்று மாற்றிக்கொள்வார்கள். எங்களுக்குப் பூரிதான். பூரியிலும் ஹாப்கின்ஸ் ஹோட்டல்தான். அதிலும் கீழ்த்தளத்து மூலை அறைதான்.

ஹாப்கின்ஸ் ஹோட்டல் இங்கிலீஷ்காரன் கட்டியது. வெள்ளை வெளேரென்று நீளமான கட்டடம், யானை நுழைகிற மாதிரி கதவுகள், முன்னால் கடலைப் பார்த்த பெரிய வராந்தா, அதில் வரிசையாகப் பிரம்பு நாற்காலிகள். சாப்பாட்டு நேரத்துக்கு மணி அடிப்பார்கள். துரைகள் போய் எவ்வளவோ காலமாகியும் அவர்கள் விட்டுப்போன சூப் இன்னும் அதே வெளுப்போடு வந்துகொண்டிருக்கிறது. சாப்பாட்டு அறையில் தலையில் எதுவும் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது என்று ஒரு சட்டம். வருஷா வருஷம் வாசலில் நின்று குல்லாவைக் கழற்றிப் பைக்குள் திணித்தபடி என் வீட்டுக்காரர் அந்த ஹாப்கின்ஸைத் திட்டுவார். பிறகு கேரமல் கஸ்டர்டு வந்ததும் மன்னித்துவிடுவார்.

எல்லா அறையிலும் கடல் தெரியும், எங்கள் மூலை அறையைத் தவிர. அதன் ஜன்னலைத் திறந்தால் சமையலறைப் புகைபோக்கி. மழைக் காலத்துக் கறை சுவரில் ஒரிசா வரைபடம் மாதிரி இருக்கும். "கடல் தெரியற ரூமாக் கேளுங்களேன்" என்று ஒவ்வொரு வருஷமும் நான் சொல்வேன். "அதே ரூம் குடுங்க" என்று ஒவ்வொரு வருஷமும் அவர் மேனேஜரிடம் சொல்வார். மேனேஜர் மொஹந்தி என்னைப் பார்த்து ஒரு பரிதாபச் சிரிப்புச் சிரிப்பார்.

பூரிக்கு வந்து என்ன செய்வார்? வராந்தாவில் உட்காருவார். குல்லா, மப்ளர், முட்டி வரை சால்வை. காலையிலிருந்து பொழுது சாயும் வரை கடலைப் பார்ப்பார். அவ்வளவுதான். கால் நனைத்தது கிடையாது. மணலில் இறங்கினாலும் ஈரம் தொடங்குகிற இடத்துக்குப் பத்தடி முன்னால் நின்றுவிடுவார். கடலில் குளிக்க வருகிறவர்களைக் கையைப் பிடித்து அலைக்குள் கூட்டிப்போகிற நுலியாக்கள் எல்லாருக்கும் இவரைத் தெரியும். எர்ரய்யா என்று ஒரு வயசான நுலியா, தலையில் கூம்புத் தொப்பி, வருஷம் தவறாமல் வராந்தாவுக்குக் கீழே வந்து நிற்பான்.

"பாபு, இந்த வருஷமாவது வாங்க. என் கையைப் பிடிச்சுக்கங்க. கொழந்தைங்களே வருது."

"அடுத்த வருஷம் பாக்கலாம் எர்ரய்யா."

"கடல் இங்கயேதான் இருக்கும் பாபு. நான் இருக்கணுமே."

எனக்கு மானம் போகும். நான் பாட்டுக்கு எர்ரய்யா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். எத்தனையோ பெண்கள் இறங்குகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. கடல் எனக்குப் பெரிதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அலையில் முங்கி எழுந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக என் ஆசை அதுதான். என் மாமியார் இருந்தவரைக்கும், "என் பிள்ளை சின்ன வயசுல தண்ணில மீனு மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எந்தத் தாய்தான் சொல்லமாட்டாள்? என் அம்மாகூட என் தம்பியைப் பாடகன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் என் தங்கை டுனி வீட்டில் விருந்து. அவள் புருஷன் அனிமேஷ், வாய் கொஞ்சம் நீளம். எல்லார் முன்னாலும் சொன்னான்: "அண்ணா பூரிக்குப் போறது கடலைப் பாக்கறதுக்கு இல்ல. கடல் எங்கயாவது தன்னைப் பாத்துடப் போகுதேன்னு ஒளிஞ்சிருந்து வேவு பாக்கறார்!"

வீடே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சந்தேஷ் இனிப்பைக் கடித்தபடி சிரித்தார். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வருஷம் நீங்க என் கையைப் பிடிச்சுட்டுக் கடல்ல இறங்கணும். இல்லேன்னா இனிமே பூரிக்கு நீங்களும் உங்க குல்லாவும் மட்டும் போங்க. நான் தம்பி வீட்டுக்குப் போயிடறேன். சத்தியமாச் சொல்றேன்."

அவர் பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்தார். பிறகு, "மப்ளரைத் துவைச்சு வெச்சியா?" என்று கேட்டார்.

விஷயம் டுனி காதுக்கு எப்படியோ போய்விட்டது. வேடிக்கை பார்க்க அவளும் அனிமேஷும் எங்களோடு கிளம்பிவிட்டார்கள். ரயிலில் நான் மைதாவில் பொரித்துக் கொண்டுவந்த லூச்சியையும் உருளைக்கிழங்கையும் தின்றுகொண்டே அனிமேஷ் இவருக்குக் கடலைப் பற்றிப் பாடம் நடத்தினான். அவன் காலேஜ் நாளில் நீச்சல் குளத்தில் மெடல் வாங்கியவனாம். இவர் ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, "ஆமாம், ஆமாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நாள் காலை. அனிமேஷ் கிளிப்பச்சைக் கால்சட்டையோடு மணலில் இறங்கித் தண்டால் எடுத்தான். டுனி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு எர்ரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வராந்தாவில் இவர் நாற்காலிக்கு முன்னால் நின்றேன்.

"எழுந்திருங்க."

"காத்து ஒரு மாதிரி அடிக்குது."

"காத்துன்னா அடிக்கத்தான் செய்யும். எழுந்திருங்க."

"சொன்னாக் கேளு. வேற எது வேணும்னாலும் கேளு. இது மட்டும் வேண்டாம்."

"எனக்கு வேற எதுவும் வேண்டாம். நீங்க ஏன் இப்படிப் பயந்து சாகறீங்க? கூட வாழற எனக்கு வெக்கமா இருக்காதா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் கையைப் பிடித்து இழுத்து, ஈர மணலுக்குப் பத்தடி முன்னால் வரை கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் நகரவில்லை. மாடு மாதிரி காலை ஊன்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அனிமேஷ் எங்களுக்குச் செய்துகாட்டுகிறேன் என்று, "அண்ணா, இங்க பாருங்க!" என்று கத்தியபடி அலையைத் தாண்டிப் பாய்ந்தான். அடுத்த அலை அவனைப் புரட்டியது. கிளிப்பச்சை ஒரு தரம் தெரிந்தது, மறைந்தது, இன்னும் தூரத்தில் தெரிந்தது. கை இரண்டும் மேலே. இப்போது அவன் யாருக்கும் செய்துகாட்டவில்லை என்று எனக்கே புரிந்தது.

டுனி அலறினாள். அலறியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, எர்ரய்யாவின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவன் அவளைப் பிய்த்து எறியப் பார்க்கிறான், இவள் இன்னும் இறுக்குகிறாள். "விடும்மா! அம்மா, விடு! உன் புருஷனைக் காப்பாத்தணும்னா என்னைக் கொல்லாதே!" மற்ற நுலியாக்கள் தூரத்துக் கூட்டத்தோடு இருந்தார்கள்.

என் பக்கத்தில் எதுவோ தொப்பென்று விழுந்தது. குல்லா. அப்புறம் மப்ளர். சால்வை. திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் பத்தடியைத் தாண்டி, ஈர மணலைத் தாண்டி, தண்ணீருக்குள் போய்விட்டார். அலை வந்தபோது அதன் அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தார். நான் கத்தக்கூட மறந்துபோனேன். இவரா? ஹில்சாவுக்கு முக்கால் மணி நேரம் எடுக்கிறவரா? கையை வீசி வீசி, ஒரு அவசரமும் இல்லாமல், வீட்டுத் தாழ்வாரத்தில் நடக்கிற மாதிரி நீந்திப்போய் அனிமேஷின் தலைமுடியைப் பிடித்தார். ஒரு பெரிய அலைக்காகக் காத்திருந்து, அதன் முதுகில் ஏறி, இரண்டு பேருமாகக் கரையில் வந்து விழுந்தார்கள்.

அனிமேஷ் குடித்த கடலை எல்லாம் திருப்பிக் கொடுத்தான். டுனியிடமிருந்து தப்பித்த எர்ரய்யா கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து நின்றான்.

"பாபு! இத்தனை வருஷமா என்னை என்ன நெனைச்சு ஏமாத்தினீங்க? நீங்க எனக்கே கத்துக்குடுப்பீங்க போலிருக்கே!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடினேன். கட்டிக்கொண்டிருப்பேன், பூரியே பார்த்துக்கொண்டிருந்தாலும். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன். முகத்தில் ரத்தமே இல்லை. அனிமேஷ் மூழ்கியபோதுகூட அவர் அப்படிப் பயப்படவில்லை. ஈரக் கையை என் நெற்றியில் வைத்தார்.

"சுடுதா? உடம்பு எப்படி இருக்கு? தலை சுத்துதா?"

"எனக்கு என்னங்க? தண்ணில விழுந்தது அவன்!"

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய் மூலை அறையில் படுக்கவைத்தார். ஹோட்டலில் இருந்த கம்பளி எல்லாம் என் மேல் வந்தது. வாயில் தெர்மாமீட்டர். எடுத்துப் பார்ப்பார், உதறுவார், மறுபடி வைப்பார். மொஹந்தியை டாக்டருக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பக்கத்து அறையில் நிஜமாகச் செத்துப் பிழைத்த அனிமேஷ் கேட்பாரில்லாமல் கிடந்தான். கம்பளிக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. வியர்வையைப் பார்த்து அவர் இன்னும் பயந்தார்.

தெர்மாமீட்டரைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "என்ன நடக்குதுன்னு சொல்றீங்களா, இல்ல நான் கத்தட்டுமா?"

அப்போதுதான் வாயைத் திறந்தார். நாங்கள் முதல் தடவை பூரிக்கு வந்தது கல்யாணமான புதிதில். ரயிலிலேயே எனக்குக் காய்ச்சல். டைபாய்டு. இதே ஹோட்டல், இதே அறை, நினைவில்லாமல் கிடந்தேன் என்று எனக்குத் தெரியும். மற்றது தெரியாது.

"டாக்டர் கையை விரிச்சுட்டார். இந்த ராத்திரி தாண்டணும்னார். நான் கோயிலுக்கு ஓடினேன். அங்க எல்லாரும் ஜகந்நாதருக்கு ஏதாவது ஒரு பழமோ காயோ விட்டுடறேன்னு வேண்டிக்கறாங்க இல்ல? இனிமே ஆயுசுக்கும் அதைத் தொடமாட்டேன்னு. ரொம்பப் பிடிச்சதா விடணும்னு சொன்னாங்க. எனக்கு என்ன பிடிக்கும்? எங்க ஊர்ல கங்கையை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தி வளந்தவன். கடலைப் பாத்ததே இல்ல. அதுல குதிக்கணும்னுதான் பூரிக்கே டிக்கெட் எடுத்தேன்."

"அப்ப என்னைக் கூட்டிட்டு வந்தது?"

"உன்னையும்தான்" என்றார் அவசரமாக. "கடலை விட்டுடறேன்னு வேண்டிக்கிட்டேன். காலையில இந்தக் கட்டில்லதான் நீ கண்ணைத் திறந்து தண்ணி கேட்டே. இன்னிக்கு நான் அதை மீறிட்டேன்."

மறுபடியும் என் நெற்றியைத் தொட்டார். 

எனக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "இத்தனை வருஷமாப் பயந்தாங்கொள்ளின்னு என் வாயால எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊரே சிரிச்சப்ப கூட உக்காந்து சந்தேஷ் தின்னீங்களே!"

"சொன்னா பலிக்காதுன்னாங்க. அப்புறம், சந்தேஷ் நல்லா இருந்துது."

மத்தியானம் தைதாரி பண்டா மகாபிரசாதத்தோடு வந்தார். எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாகக் கோயிலில் எல்லாம் செய்துவைக்கிறவர். தொப்பையும் வெற்றிலையுமாக வராந்தாவில் உட்கார்ந்தவரிடம் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். வெற்றிலை புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறமும் சிரித்தார்.

"அடே நிராபத, லட்சுமி எங்கடா பொறந்தா?"

"கடல்ல."

"அப்ப கடல் ஜகந்நாதருக்கு யாரு?"

இவர் யோசித்தார். "மாமனார்."

"மாமனாரையே மாப்பிள்ளைக்குக் காணிக்கையாக் குடுத்திருக்கியே! என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தனைப் பாத்ததில்ல. உன்னோடதா அது, விட்டுக்குடுக்கறதுக்கு? அவர் அதை வாங்கியிருக்கவே மாட்டார். வாங்காத காணிக்கையை எங்கேர்ந்து மீறுவே?"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப இவளை யார் காப்பாத்தினது?" என்று மெதுவாகக் கேட்டார்.

பண்டாவின் சிரிப்பு நின்றது. "அவர்தான். உன்கிட்ட எதையும் வாங்கிக்காமலே காப்பாத்தியிருக்கார்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "சும்மா வாங்கிட்டுப் போக மனசு கேக்கலை. வேற ஏதாவது விடறேனே. பப்பாளி?" என்றார்.

"பப்பாளி வேண்டாம். வங்காளத்துலேர்ந்து வர்றவங்க பூரா பப்பாளியும் பாகற்காயும்தான் விடறாங்க. ஜகந்நாதருக்கே திகட்டிப்போச்சு. உசிரா வெச்சிருக்கறதா ஒண்ணு விடு. ஆனா உன்னோடதா இருக்கட்டும்."

சாயங்காலம் பண்டாவோடு ரிக்‌ஷாவில் கோயிலுக்குப் போய்விட்டு, சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்கு நேராகச் சாப்பாட்டு அறைக்கே வந்தார். என்ன விட்டார் என்று கேட்டேன். சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நான் சாப்பிடவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூப் குடித்தார். மீன் சாப்பிட்டார், அதே முக்கால் மணி நேரம். உருளைக்கிழங்கு, டீ, எதையும் தள்ளவில்லை. கேரமல் கஸ்டர்டு இரண்டு கிண்ணம் உள்ளே போனது. இந்தத் தடவையும் எதையோ ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் படுக்க வருவதற்கு முன்பே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை நான் முன்னால் போய் மணலில் நின்றேன். நான் கேட்டபடி இன்றைக்காவது வருவாரா, மாட்டாரா? வாடைக் காற்று ஊசி மாதிரி குத்தியது. டுனியும் கம்பளிக்குள் அனிமேஷும் வராந்தாவில் இருந்தார்கள். அனிமேஷ் வாயைத் திறக்கவில்லை, கடவுள் இருக்கிறார்.

என் வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தலையில் ஒன்றுமில்லை. இருக்கிற நாலு முடியும் காற்றில் நின்றன. காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"குல்லா எங்க?"

கடலைப் பார்த்தார்.

"பெட்டியில விட்டுட்டீங்களா? இருங்க, எடுத்துட்டு வரேன். காது அடைச்சுக்கும்."

"வேண்டாம். இனிமே போட்டுக்க மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி அவர் தலை காலியாக இருந்ததை நான் பார்க்கவே இல்லை. சாப்பாட்டு அறையில் எல்லார் தலையும் காலி அல்லவா! கஸ்டர்டை எண்ணிக்கொண்டிருந்த முட்டாள் நான். ஒரு காது மேலே, ஒரு காது கீழே என்று நான் கோணலாகப் பின்னிக்கொடுத்த அந்தக் குல்லாவைத்தான் இவர் உசிராக வைத்திருந்தாரா? அதைத் தூக்கிப் போடுங்கள் என்று எத்தனை வருஷம் கரித்துக்கொட்டினேன்! இப்போது நிஜமாகவே விட்டுவிட்டார். வாய்விட்டு அழுதேன். அழுதபடியே என் முந்தானையை உதறி, அவர் காது இரண்டையும் சேர்த்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"ஏய், பண்டா பாத்தா?"

"குல்லாவைத்தானே விட்டீங்க? முந்தானையை விடலையே. பேசாம நில்லுங்க."

எர்ரய்யா ஓடிவந்து கையை நீட்டினான். "நீ போய் அனிமேஷைக் கவனி" என்று அவனை அனுப்பிவிட்டு, இவர் தன் கையை என்னிடம் நீட்டினார். முந்தானை அவர் தலையில், மற்ற புடவை என் மேல். பிடிக்காவிட்டாலும் பிரிய முடியாது. இரண்டு பேருமாக ஈர மணலைத் தாண்டினோம். தண்ணீர் முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. எதிரே ஒரு அலை வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழுந்து வந்தது. நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"நான் என்ன உங்களை மாதிரி பயந்தாங்கொள்ளியா?" என்றேன், பழக்க தோஷத்தில்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாய் கொள்ளாமல் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அலை வந்து எங்கள் தலைக்கு மேல் விழுந்தது. முங்கி எழுந்தபோதும் அவர் இருமிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். என் கையை விடவில்லை.